முப்பது மணி நேரம்

ஓர் அமானிதத்தைக் கெடுத்த கதையை இம்மாதம் எழுத வேண்டியிருக்கிறது. கெடுத்தவன் நானே.

மாலை மத்ரஸாவில் ஓதும் மாணவன் ஒருவன் பாடவேளையில் எதையோ மடியில் மறைத்து வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தேன். புத்தகம் போல் விரியும், இரு திரைகள் கொண்ட நிண்டெண்டோ டி.எஸ். என்னும் கைக்கருவி. துபாயிலிருக்கும் தாய்மாமன், தாம் ஆடி முடித்ததைக் கொடுத்தனுப்பினாராம். "வியாழக்கிழமை தருகிறேன்" என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அதனுள் இருந்தது 'குரோனோ டிரிக்கர்' என்னும் ஆட்டம். ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் 1995 மார்ச்சில் வெளியிட்டது. 'டிராகன் குவெஸ்ட்' ஆட்டத்தை 1986இல் தந்த யூஜி ஹோரி, 'பைனல் பேண்டஸி'யை 1987இல் தந்த ஹிரோனோபு சகாகுச்சி, 2024இல் மறைந்த ஓவியர் அகிரா தோரியாமா ஆகியோர் கைகோத்த படைப்பு. ஆடுபவன் ஒரு கதாபாத்திரமாகவே மாறி, ஊர் ஊராய்ச் சென்று, கண்டவரோடு பேசிக் கதையைத் தானே நடத்திச் செல்லும் வகை. 1999இல் உலகம் பாழாவதை அறிந்துகொண்ட சில இளைஞர் அதைத் தடுக்கக் காலத்தில் முன்னும் பின்னும் அலைகின்றனர். மந்திர தந்திரங்களும் உண்டு. அதுபற்றித் தீர்ப்புக் கூறுவது முஃப்திகளின் பணி, என் பணியன்று.

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடிய அந்நாளைய கேசட்டின் கொள்ளளவு 4 மெகாபைட். ஆடுபவர் எதுவரை வந்தார் என்னும் பதிவைக் காத்தது அதனுள்ளிருந்த சிறு மின்கலம். மின்கலம் தீர்ந்தால் பதிவும் போயிற்று. 1999இல் பிளேஸ்டேஷனுக்கும், 2008 நவம்பரில் இக்கைக்கருவிக்கும் அவ்வாட்டம் மீண்டும் வந்தது. கைக்கருவிக்கு வந்தபோது கட்டளைப் பட்டியல்கள் கீழ்த்திரைக்கு இறங்கின. ஆங்கில மொழிபெயர்ப்பைப் புதிதாகச் செய்தனர். பதிவைக் காக்க மின்கலம் வேண்டாதாயிற்று. உருவங்களோ கட்டம் கட்டமாகத் தெரியும் பழைய உருவங்களே. பளபளப்பாக மாற்றி வரையவில்லை. அதுவே சரி என்பது என் எண்ணம்.

ஆரணிக்காரனுக்கு இக்கட்டங்கள் அந்நியமல்ல. பட்டுச்சேலையின் முந்தியில் ஓடும் அன்னமும் மாங்காயும் முதலில் கட்டத்தாளில் நிரப்பப்பட்டு, அட்டையில் துளைகளாகி, தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் ஏறுகின்றன. துளை இருந்தால் ஊசி புகும், பாவு நூல் எழும், இல்லையேல் கிடக்கும். 1804இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு வகுத்த முறை இது. 'உண்டு', 'இல்லை' என்னும் இவ்விரு சொற்களில்தான் கணிப்பொறிகளும் பிற்காலத்தில் பேசக் கற்றன. பாட்டியின் சேலைக் கரையைப் பேத்தியின் நிக்காஹுக்கு நெய்துதரக் கேட்போர் உண்டு. பழைய அட்டை நைந்திருந்தால் சேலையையே விரித்து, இழை எண்ணி, கட்டத்தாளில் ஏற்றிப் புதிய அட்டை அடிக்க வேண்டும். இடையில் அழகுபடுத்தப் புகுந்தால் அது பாட்டியின் கரையாக இராது.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின், பறித்த பொருளைப் பரிசோதிப்பது ஆசிரியரின் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கருவியைத் திறந்தேன். ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினேன். தாய் திரைச்சீலையை விலக்கி மகனைத் துயிலெழுப்புகிறாள். வெளியே திருவிழா. ஓரிடத்தில் ஒரு பெரியவரின் உணவுப் பொட்டலம் இருந்தது. பொத்தானை அழுத்தினேன், மறைந்தது. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. எழுமுன், ஆடியதைப் பதிவு செய்ய எண்ணி, மூன்று இடங்களில் முதலாவதைத் தேர்ந்தேன். கருவி ஏதோ கேட்டது. மூக்குக் கண்ணாடி அருகில் இல்லை. படியாமலே 'ஆம்' என்றேன்.

அவ்விடத்தில் இருந்தது அம்மாணவனின் பதிவு. முப்பது மணி நேரத்துக்கும் மேல் ஆடியதாம்.

சொல்லாமலே விட்டிருக்கலாம், கருவி பழுது என்று அவன் எண்ணிக்கொண்டிருப்பான். அந்த நினைப்பும் எனக்கு வந்து போனது, மறைப்பானேன்? அந்நிறுவனம் அவ்வாட்டத்தை 2018இல் கணிப்பொறிக்கும் வெளியிட்டது. இன்னும் பலமுறை வெளியிடலாம். இப்பிள்ளையின் முப்பது மணி நேரத்தை எவரும் மறுபடி வெளியிடப் போவதில்லை. வியாழன் மாலை கருவியைக் கையில் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, "மன்னித்துவிடு, தம்பி" என்றேன். தறியில் பாதி நெய்த சேலையை அறுத்தவன் போல் நின்றேன்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியதைக் கண்டேன். பிறகு தலை நிமிராமலே கேட்டான்: "திருவிழாவிலே அந்தப் பெரியவர் சாப்பாட்டை எடுத்தீங்களா, ஹஜ்ரத்?"

"எடுத்தேன்."

அப்போதுதான் விளக்கினான். கதை சற்று நகர்ந்ததும் கதாநாயகன் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவானாம். திருவிழாவில் செய்த சின்னஞ்சிறு செயல்களெல்லாம் அங்கே சாட்சியாக வரும். பிறர் உணவைத் தின்றாயா? மோதி விழுந்த பெண்ணை நலம் விசாரிக்குமுன் அவள் நகையை எடுத்தாயா? பூனையைத் தொலைத்த சிறுமிக்கு உதவினாயா? நடுவர்கள் எழுவர். விளையாட்டென்று எண்ணிச் செய்தவை அனைத்தும் எழுதப்பட்டிருக்கும். மறுமையைப் பற்றிப் பல்லாண்டு பாடம் நடத்திய எனக்கு, அப்பொட்டலத்தின் மீது அழுத்திய விரல் கூசியது.

"இப்போது என்ன செய்வது?" என்றேன்.

இரண்டாம் இடத்தில் தனக்கெனப் புதிய பதிவொன்றைத் தொடங்கிக்கொண்டே சொன்னான்: "உங்களோடதை அழிக்கல, ஹஜ்ரத். அந்தப் பூனையையாவது கொண்டு போய்ச் சேர்த்துடுங்க."