எம்.பி.ஏ. சேரும் நம் பிள்ளைகளுக்கு

கலந்தாய்வுக் காலம் நெருங்கினால் நம் சேரித் தெருக்களில் முன்பின் தெரியாத ஆட்கள் நடமாடத் தொடங்குகிறார்கள். தனியார் கல்லூரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் முகவர்கள் அவர்கள். ‘ஒரு பைசா கட்ட வேண்டாம். ஸ்காலர்ஷிப்பிலேயே எம்.பி.ஏ. முடித்துவிடலாம். முடித்த கையோடு சென்னையில் வேலை’ என்கிறார்கள். செங்கல் சூளையிலும் நூறு நாள் வேலையிலும் உழைத்துப் பிள்ளையைப் பட்டதாரியாக்கிய பெற்றோர், அசல் சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பருவத் தேர்வு வரும்போது கட்டணம் பாக்கி என்று சொல்லி ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கிறது கல்லூரி. அப்படிப் பாதியில் நின்ற மாணவி ஒருவர் சென்ற மாதம் நம்மைத் தேடி வந்தார். “நிர்வாக ஒதுக்கீடுன்னா என்னன்னே எனக்கு யாரும் சொல்லலைங்க தோழர்” என்றார்.

யாரும் சொல்லவில்லை என்பதுதான் பிரச்சினை. அதனால் நாம் சொல்கிறோம்.

தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை கிடையாது. டான்செட் எழுதி, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக இடம் பெறுங்கள். உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநில அரசின் பங்கு 40 சதவீதம். மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகு, மத்திய அரசின் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே ஆதார் இணைத்த கணக்கைச் சேர்க்கைக்கு முன்பே தயாராக வைத்திருங்கள். அந்தப் பணம் கல்லூரிக் கட்டணத்துக்கு உரியது. வீட்டுக் கடனுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு திணற நேரும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்தவுடன் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

டான்செட்டோடு நின்றுவிடவும் வேண்டாம். ஐ.ஐ.எம்.களில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் இடங்கள் உண்டு. திருச்சியில் 2011 முதல் ஒரு ஐ.ஐ.எம். இயங்குகிறது. அதற்கான கேட் தேர்வு நமக்கானதல்ல என்று நம் பட்டதாரிகள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

சேர்ந்த பிறகு முதல் பருவம்தான் கடினம். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். கணக்கியலையும் புள்ளியியலையும் முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே மொழி குறைவு, எண்கள் அதிகம். அதில் கிடைக்கும் தைரியம் மற்ற பாடங்களுக்கும் உதவும். குழுவாகச் செய்யும் புராஜெக்ட்டில் டைப் அடிப்பதும் பிரிண்ட் எடுப்பதும் நம் பிள்ளைகள் தலையில் விழும். எழுந்து பேசுவது வேறொருவராக இருக்கும். முதல் புராஜெக்ட்டிலேயே பேசும் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். சூளை முதலாளி கொடுக்கும் முன்பணம், அம்மாவின் மகளிர் குழுக் கடன், வாரச் சந்தையில் நம்மவர் கடை போடும் இடம் எல்லாமே வணிக மேலாண்மைதான்.

படிப்பு முடிந்து வேலை தேடும்போது வேறொரு சுவர் எதிரே நிற்கும். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்கச் சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் என்று 2007-ல் அந்த ஆய்வு வெளியானது. நாட்டின் 1,000 முன்னணி நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த 2012-ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றில் ஏறத்தாழ 93 சதவீதத்தினர் முற்பட்ட சாதியினர் என்றது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 சதவீதம்தான்.

நம் மாநிலத்தில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. அதனால் நேர்காணலில் ‘சொந்த ஊர் எது, எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார்’ என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். கூச்சப்படாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். ‘அப்பா சூளையில் கல் அறுக்கிறார். ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, சந்தையில் என்ன விலை, இடையில் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்லுங்கள். வணிகம் தெரிந்தவர் நிமிர்ந்து உட்காருவார். நிமிராதவர் என்றால், எங்கே வந்திருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அண்ணல் அம்பேத்கர் இந்தச் சுவரை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பார்த்தவர். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துத் திரும்பி, பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். 1918-ல் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஆசிரியர் அறைப் பானையில் அவர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று உடன் பணியாற்றியவர்களே ஆட்சேபித்தார்கள். அதற்காக அவர் பொருளாதாரத்தை விடவில்லை. ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923-ல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

வேலை கேட்டு நிற்பது மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத முதலீட்டு மானியமும், உச்சவரம்பு 1.5 கோடி ரூபாயும், 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. திட்ட அறிக்கை எழுதத் தெரியாமலும் டெண்டர் படிவம் நிரப்பத் தெரியாமலும் நம்மவர் இழந்தது ஏராளம். அதைச் செய்யத்தான் எம்.பி.ஏ. கற்றுக்கொடுக்கிறது. படித்தவர் ஒரு சனிக்கிழமை தம் தெருவில் உட்கார்ந்தாலே பலருக்கு வழி பிறக்கும்.

அரசுக்கும் நம்மிடம் கேள்விகள் உண்டு. உதவித்தொகை கல்வியாண்டு தொடங்கும்போதே ஏன் வருவதில்லை? வளாக நேர்காணலில் வேலை பெற்ற தலித் மாணவர் எத்தனை பேர் என்று கல்லூரிகள் ஏன் வெளியிடுவதில்லை? தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிய பேச்சு தேர்தல் முடிந்ததும் ஏன் நின்றுபோகிறது? இவற்றை நாம் தொடர்ந்து கேட்போம்.

பதில் வரும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. இந்த ஆண்டு சேர்கிறவர்கள் முதலில் இரண்டு காரியம் செய்யுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். கல்லூரியில் ஏற்கெனவே படிக்கும் நம் பிள்ளை ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.