முகம் போடாத நாலு பக்கம்

சாய்ந்தமருதுத் தேநீர்க் கடைகளில் தனிச் சபைப் பேச்சு தொடங்கினால் கணக்கும் கூடவே தொடங்கிவிடும். "எங்கட சோலை வரிக் காசெல்லாம் எங்க போகுது?" என்று ஒருவர் கேட்பார். மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் நற்பிட்டிமுனையிலும் இதே கேள்வி வேறு திசையிலிருந்து வரும். ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். சொல்கிற எவர் கையிலும் தாள் இருக்காது.

கிழக்கிலங்கையில் இந்த ஊர்களையெல்லாம் உள்ளடக்கிய கல்முனை மாநகர சபையின் அரசியல் பல ஆண்டுகளாக இந்தத் தாளில்லாத கணக்கின் மேல்தான் நடக்கிறது. 1987 வரை சாய்ந்தமருதுக்குக் கரைவாகு தெற்கு என்ற பெயரில் சொந்தக் கிராம சபை இருந்தது. பிரதேச சபை முறை வந்தபோது அயல் சபைகளோடு சேர்ந்து அது கல்முனைக்குள் போனது. 2018 தேர்தலில் பள்ளிவாசலின் ஆதரவோடு தோடம்பழச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழு, தனிச் சபை என்ற ஒரே கோரிக்கையை முன்வைத்து 9 ஆசனங்களை எடுத்தது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகர சபை என்று வர்த்தமானி வந்தது. கொண்டாட்ட வெடிச்சத்தம் அடங்குமுன்னே, சில நாட்களில், அது இடைநிறுத்தப்பட்டது. 2025 மே 6ஆம் திகதி நாடு முழுவதும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, நீதிமன்றத்தில் இருந்த ஒரு வழக்கின் காரணமாகக் கல்முனைக்கு மட்டும் தேர்தல் இல்லை.

உறுப்பினர்கள் இல்லாத சபையில் கேள்வி கேட்க ஆளில்லை. மக்கள் பிரதிநிதிகள் இருந்த காலத்தில் வட்டார உறுப்பினரை வழியில் மறித்தாவது விசாரிக்கலாம். அதிகாரிகளிடம் நிர்வாகம் போன பிறகு சபையின் சங்கதி குடியிருப்பாளரிடம் வந்துசேரும் பாதை இன்னும் ஒடுங்கிவிட்டது. பேஸ்புக்கில் ஒரு படம், பத்திரிகைக்கு ஓர் ஊடக அறிக்கை, முச்சக்கரவண்டியில் கட்டிய ஒலிபெருக்கி, பள்ளிவாசல் அறிவிப்பு என்று அது சுருங்கும். கடற்காற்று வீசும் இரவில், இஷாத் தொழுகைக்குப் பின் வரும் அறிவிப்பு கடற்கரை வீதி வீடுகளுக்கு எப்படிக் கேட்கும் என்பது ஊராருக்குத் தெரியும். "நாளை காலை... குப்பைகளை... வைக்க வேண்டாம்" என்பது வரும். எந்த வீதி, எத்தனை மணி என்பது காற்றோடு போய்விடும். மறுநாள் குப்பைப் பைகள் தோணா நீரோடையின் கரையில் கிடக்கும்.

ஆகவே சபையே தன் செலவில் ஒரு செய்தி மடல் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தால் என்ன? கேட்டவுடனே அனுபவசாலி ஒருவர் சிரிப்பார்: "யாருடைய படம் முதல் பக்கத்தில்?" நியாயமான சிரிப்பு. மக்கள் பணத்தில் அச்சாகும் தாள் பதவியில் இருப்பவரின் நோட்டீசாக மாறுவதற்கு அதிக நாள் எடுக்காது.

ஆனாலும் அது மாறியே தீர வேண்டும் என்று விதியில்லை. சித்தரஞ்சன் தாஸ் மேயராகவும் சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரியாகவும் இருந்த கல்கத்தா மாநகராட்சி, 1924 நவம்பரில் 'கல்கத்தா முனிசிப்பல் கெசட்' என்ற வார இதழைத் தொடங்கியது. முதல் இதழ் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே போஸைப் பிரிட்டிஷ் அரசு கைதுசெய்துவிட்டது. இதழ் நிற்கவில்லை. அமல் ஹோம் என்ற தேர்ந்த பத்திரிகையாளர் ஆசிரியராக இருந்ததால், அது அலுவலகக் குறிப்பேடாகச் சுருங்காமல் நகரத்தின் ஆவணமாக நின்றது. 1941இல் தாகூர் மறைந்தபோது அது கொண்டுவந்த சிறப்பிதழை ஆய்வாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். ஆசிரியர் யார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

மறுபக்கத்துக்கு லண்டன் உதாரணம். வங்காள முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் டவர் ஹாம்லெட்ஸ் சபை 'ஈஸ்ட் எண்ட் லைஃப்' என்ற இலவச வாரப் பத்திரிகையை நடத்தியது. வங்காள மொழியிலும் அதில் பக்கங்கள் இருந்தன. இப்படிப்பட்ட சபைப் பத்திரிகைகளை 'நகர மண்டபத்துப் பிராவ்தா' என்று கேலி செய்தார் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ். 2011இல் வந்த அரசாங்க நடத்தைக் கோவை, இவை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் வரக்கூடாது, பார்வைக்குச் செய்தித்தாள் போலவும் இருக்கக்கூடாது என்றது. இழுபறிக்குப் பிறகு 2016இல் அந்த வாரப் பத்திரிகை நின்று, காலாண்டு மடல் ஒன்று வந்தது. பிக்கிள்ஸுக்கும் கட்சி அரசியல் இருந்தது என்பது உண்மைதான். அதற்காக அவர் போட்ட விதி பிழையாகிவிடாது.

ஜெர்மனியில் இது நீதிமன்றத்துக்கே போனது. கிரைல்ஸ்ஹைம் என்ற சிறு நகரத்தின் இலவச இதழுக்கு எதிராகப் பத்திரிகை நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், 2018 டிசம்பரில் அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. நிர்வாகம் தன் வேலையைச் சொல்லலாம். ஊர் வாழ்க்கை முழுவதையும் எழுதி உள்ளூர்ப் பத்திரிகையின் இடத்தில் உட்காரக்கூடாது. நம் கரையோரத்தில் ஒரு செய்திக்குப் பெட்ரோலுக்குக்கூடக் காணாத காசு வாங்கும் பிரதேச நிருபர்களை நினைத்தால் அந்தக் கோடு இங்கும் தேவை. சபை மடல் விளம்பரம் வாங்கவே கூடாது.

படத்துக்கும் வழி இருக்கிறது. 2015 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோர் படம் தவிர வேறெவர் படமும் வேண்டாம் என்றது. மாநில அரசுகள் கெஞ்சி அடுத்த ஆண்டே முதலமைச்சர்களையும் சேர்த்துக்கொண்டன. கல்முனை மடலில் எவர் படமும் வேண்டாம்; ஆணையாளர் படமும் வேண்டாம்.

அப்படியானால் என்னதான் இருக்கும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலு பக்கம். பெரிய நீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரை வட்டாரம் வட்டாரமாக எவ்வளவு சோலை வரி சேர்ந்தது, எவ்வளவு நிலுவை, எந்த வடிகாலுக்கு எவ்வளவு செலவு, ஒப்பந்தம் யாருக்கு. குப்பை வண்டியின் நாளும் நேரமும். தகவல் அலுவலரின் பெயர். பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்திலும் சந்திக் கதையிலும் இடமில்லாத பெண்களின் கைக்கும் இந்தத் தாள் போகும். வீட்டுக் குப்பையையும் வடிகாலையும் அதிகம் அறிந்தவர்கள் அவர்கள்தான்.

இந்தக் கணக்கு வெளிவந்தால் தனிச் சபைக் கோரிக்கை வலுக்கலாம், தளரவும் செய்யலாம். இரண்டில் எது நடந்தாலும் பேச்சு எண்களின் மேல் நிற்கும். இருதரப்பிலும் சிலருக்கு அது பிடிக்காமல் போகலாம்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டுத் திட்டங்களைத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கு அறிவிப்பதைப் பொறுப்பான அமைச்சரின் கடமையாக வைத்திருக்கிறது. மடல் வரும்வரை குடியிருப்பாளர் காத்திருக்கவும் தேவையில்லை. தன் வட்டாரத்தின் வரவு செலவைக் கேட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்தால், 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். காரணம் கேட்க அவருக்கு உரிமையில்லை. வட்டாரத்துக்கு ஒருவர் வீதம் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.