பட்டியல் படித்தால் பேண்ட் கிடைக்குமா?

மூவாயிரம் கடினச் சொற்களை மனப்பாடம் செய்தால் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் ரீடிங் பகுதியில் எட்டு பேண்ட் மதிப்பெண் நிச்சயம் என்று அடித்துச் சொல்கிறார் நண்பர். அவர் மனத்தில் இருப்பது பழைய ஜிஆர்இ. எதிர்ச்சொல் கேட்டு மடக்கிய கேள்விகளை அந்தத் தேர்வே 2011-இல் கைவிட்டுவிட்டது.

ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் ரீடிங்கில் 60 நிமிடம், 3 பகுதிகள், 40 கேள்விகள். படிக்க வேண்டியது மட்டும் 2,150 முதல் 2,750 சொற்கள். அங்கே எல்லாச் சொல்லும் தெரிந்த வாக்கியத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். ‘சரி, தவறு, சொல்லப்படவில்லை’ வகைக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஆற்றில் மீன் குறைந்தது, அதே ஆண்டு அருகில் ஆலை வந்தது என்கிறது கட்டுரை என்று வையுங்கள். ஆலையால்தான் மீன் குறைந்தது என்கிறது கேள்வி. பொது அறிவை நம்பி ‘சரி’ போட்டவருக்கு மதிப்பெண் போச்சு. கட்டுரை அந்தக் காரணத்தைச் சொல்லவே இல்லை. இதற்கு எந்தப் பட்டியல் உதவும்?

சொல்வளம் வேண்டாம் என்று யார் சொன்னது? பட்டியல்தான் வேண்டுமென்றால் மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் இருக்கிறது. அதில் 570 சொற்குடும்பங்கள்தான். ஆனால் கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் அவற்றில் அடங்கிவிடும். நண்பர் மயங்கும் பகட்டுச் சொற்களுக்கு அங்கே வேலை இல்லை.

மீதி நேரத்தில் தினமும் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையை அகராதியை மூடிவைத்துப் படிக்கலாம். ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதிப் பார்க்கலாம். என்ன, இந்தப் பழக்கத்தை பிடிஎஃப் ஆக்கி விற்க முடியாது. பட்டியல்களுக்கு இத்தனை செல்வாக்கு அதனாலும்தானோ என்பது என் சந்தேகம்.