நம் கணக்கை யார் எழுதுவது?



வருடத்துக்கு ஒருமுறையாவது இருப்புக் கணக்கு எடுக்காத வியாபாரி உண்டா? சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலும் நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் கணக்கு பைசா பிசகாது. ஆனால் நம் மஹல்லாவில் எத்தனை பிள்ளைகள் பிளஸ் டூ முடித்தார்கள், எத்தனை பேர் கல்லூரி வாசலை மிதித்தார்கள் என்று கேட்டால், எடுத்துக் காட்ட நம்மிடம் ஏடு இருக்கிறதா?

ஆசிய நாடுகளின் உயர்கல்வி பற்றி இன்று ஆராய்ச்சிகள் குவிகின்றன. மாணவர் சேர்க்கை எப்படிப் பெருகியது? தனியார் கல்லூரிகளால் யாருக்கு லாபம், யாருக்குக் கடன்? உலகத் தரவரிசையில் இடம் பிடிப்பது எப்படி? இவையே முக்கியத் தலைப்புகள். பங்களாதேஷ் 1992-லும் மலேசியா 1996-லும் தனியார் உயர்கல்விக்குத் தனிச் சட்டம் இயற்றின. திருச்செங்கோடு, ராசிபுரம் பகுதிகளில் பெருகிய சுயநிதிக் கல்லூரிகளும் அதே அலையில் எழுந்தவைதாம்.

மத்திய அரசின் 2021-22 ஆய்வுப்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழகத்தில் 47; நாடு முழுவதும் 28.4. மகிழ்ச்சிதான். ஆனால் பத்தாம் வகுப்போடு கல்லாவில் உட்கார்ந்துவிட்ட நம் பையன் இந்த 47-ல் எங்கே இருக்கிறான்? அதே ஆய்வு வரிசையில், நாட்டின் முஸ்லிம் மாணவர் எண்ணிக்கை 2019-20-ல் 21 லட்சம்; மறு ஆண்டு 19.21 லட்சமாகச் சரிந்தது. பிறகு மீண்டும் 21 லட்சத்தைத் தாண்டியது. சரிவை எண் சொல்லும். காரணத்தை வீடுவீடாகப் போய்க் கேட்பவன்தான் சொல்வான்.

2006-ல் சச்சார் குழு அறிக்கை வந்தது. இருபது வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு என்றது. மேடைகளில் நாம் எழுப்பிய உரிமைக் குரலுக்கு அந்த எண்களே கைகொடுத்தன. அதையும் பிறர்தாம் எண்ணித் தர வேண்டியிருந்தது!

இளைஞர்களே! சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997 முதல் இருக்கிறது. பொறியியல், மருத்துவம் மட்டுமே படிப்பு என்று எண்ணாதீர்கள். சமூகவியலும் கல்வியியலும் படித்து, நம் தெருவையே ஆராய்ச்சிப் பொருளாக்குங்கள்.

வியாபாரப் பெருமக்களே! 2009-ல் தொடங்கிய மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகையை மத்திய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. அதைக் கண்டிப்போம், கூடவே, ஊருக்கு ஓர் ஆராய்ச்சி மாணவரின் செலவை ஏற்போம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! சந்தா ஏட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்வி ஏடும் வையுங்கள். யார் படிக்கிறார், யார் நின்றார், ஏன் நின்றார் என்று எழுதுங்கள். கணக்கில்லாத சமுதாயத்தின் கோரிக்கை வெறும் புலம்பலாகவே கேட்கும்.