மூலிகைதானே... நாய்க்கு என்ன ஆகும்?

இரவு எட்டரை மணிக்கு ஃபோன். மூட்டுவலிக்குப் பல வருஷமாக என்னிடம் மருந்து வாங்கும் ஓர் அம்மா. குரல் நடுங்கியது.

"டாக்டர் சார், எங்க மணி காலையிலேருந்து வாந்தி எடுக்கிறான். இப்போ ரத்தமாப் போகுது. ஏதாவது கஷாயம் சொல்லுங்களேன்..."

மணி, அவர்கள் வீட்டு நாய். இரண்டு வயசு லாப்ரடார். என்ன தின்றான் என்று விசாரித்தேன். முதல் நாள் சாயங்காலம் மொட்டை மாடி ரோஜாத் தொட்டிகளுக்குப் பிண்ணாக்கு வைத்திருக்கிறார்கள். வாசனை பிடித்துப் போய், மணி மண்ணைத் தோண்டித் தின்றுவிட்டான்.

"என்ன பிண்ணாக்கு?" என்றேன்.

"ஆமணக்குப் பிண்ணாக்கு சார். கெமிக்கல் உரம் வேணாம், பிண்ணாக்கு போடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க!"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. "கஷாயம் எதுவும் வேண்டாம்மா. இந்த நிமிஷமே கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க" என்றேன். போனார்கள். டிரிப்ஸ் ஏற்றிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மணி போய்விட்டான்.

ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது. அதனால்தான் பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுக்க முடிகிறது. எண்ணெயை எடுத்துவிட்டால் நஞ்சு பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடுபடுத்தினால்தான் அதன் வீரியம் போகும். ரிசினுக்கு மாற்று மருந்து கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பிண்ணாக்கு போடச் சொன்ன அன்றைக்கு, "வீட்டில் நாய் இருக்கிறதா?" என்று கேட்கத் தோன்றவில்லை. அது என் தப்பு.

அந்தத் தப்பு உறுத்துவதால்தான் இதை எழுதுகிறேன். இயற்கையானது என்றால் கெடுதல் இல்லை என்ற நினைப்பு நம் ஜனங்களிடம் வேரூன்றிவிட்டது. அதை வளர்த்துவிட்டதில் என்னைப் போன்ற வைத்தியர்களுக்கும் பங்கு உண்டு. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில், குணபாடத்தோடு நஞ்சு நூலையும் சேர்த்துத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சுத்தி செய்யாத சரக்கை மருந்தில் சேர்க்காதே என்பதுதான் முதல் பாடம். மேடையில் பேசும்போதும் பத்திரிகையில் எழுதும்போதும் நாங்கள் குணத்தை மட்டும் சொல்கிறோம். நஞ்சைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

உங்கள் வீட்டுத் தோட்டத்தையே கொஞ்சம் சுற்றிப் பாருங்கள்.

பூஜைக்காக வைத்திருக்கும் அரளி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், எதுவானாலும் சரி, இலை, பூ, விதை, பட்டை அத்தனையும் நஞ்சு. இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கிவிடும். காய்ந்த குச்சியிலும் நஞ்சு போகாது. விளையாட்டுக்குக்கூட அரளிக் குச்சியை நாயிடம் வீசிவிடாதீர்கள்.

வேலியில் படரும் செங்காந்தள் நம் மாநில மலர். அதன் கிழங்கில் இருக்கும் கோல்சிசின் அளவோடு கொடுத்தால் கௌட் மூட்டுவலிக்கு மருந்து. மண்ணைத் தோண்டுகிற நாய்க்கு அதே கிழங்கு எமன்.

போர்டிகோவில் அழகுக்கு வைக்கிற சைகஸ் இன்னொன்று. சேகோ பாம் என்றும் சொல்வார்கள். இதன் விதைதான் மிக மோசம், நாயின் கல்லீரலையே அழித்துவிடும். அதற்குப் பதிலாக அரிகா பாம் வையுங்கள். பார்க்கவும் அழகு, நாய்க்கும் பயமில்லை.

ஹாலில் இருக்கும் மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா இரண்டிலும் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரிந்து, வீங்கி, எச்சில் வடியும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வராது, ஆனால் பாவம், ரொம்ப அவஸ்தைப்படும். நாம் குளிர்ச்சி என்று கொண்டாடும் சோற்றுக்கற்றாழையின் மஞ்சள் பால் நாய்க்கு வாந்தி, பேதி உண்டாக்கும். கற்பூரவல்லிகூட நாய்க்கு ஒத்துக்கொள்வதில்லை.

"தெருநாய் எல்லாம் அரளியைத் தின்னு செத்தா போகுது?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். தெருநாய்க்குத் தெரு முழுக்க இருக்கிறது. கசப்பைக் கண்டால் விலகிப் போய்விடும். நம் வீட்டுக் குட்டி அப்படியா? பல் முளைக்கும் வயசு. பத்தடி பால்கனி. பகலெல்லாம் தனிமை. எதிரே நாலு தொட்டி. கடிக்காமல் என்ன செய்யும்?

அதற்காக எல்லாச் செடியையும் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. எட்டாத உயரத்தில் வையுங்கள், அல்லது சுற்றிக் கம்பி வலை கட்டுங்கள். வெட்டிப்போட்ட கிளையை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். ரோஜாவுக்கு ஆமணக்குப் பிண்ணாக்கு வேண்டாம், மட்கிய எரு போதும். ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, துளசி எல்லாம் பயமில்லாமல் வளர்க்கலாம். நர்சரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. விலைச் சீட்டோடு "நஞ்சுச் செடி" என்று ஒரு சீட்டும் கட்டித் தொங்கவிட்டால் என்ன குறைந்துவிடும்?

நாய் தின்றுவிட்டது, என்ன செய்வது? வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். தின்ற செடியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். எப்போது தின்றது, எவ்வளவு தின்றது என்று சொல்லுங்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். சில நஞ்சுகள் பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனையையோ பக்கத்துத் தனியார் டாக்டரையோ பாருங்கள். ஃபோன் நம்பரை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். உப்பே நாய்க்கு நஞ்சாகிவிடும். புளிக்கரைசலும் கூடாது. திராட்சையைத் தின்ற நாய்களுக்கு சிறுநீரகம் கெடுவதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று 2021-லிருந்து கால்நடை நச்சியல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். புளியிலும் அதே அமிலம்தான்.

முக்கியமாக, எனக்கு ஃபோன் பண்ணாதீர்கள்! நான் மனிதருக்கு வைத்தியம் பார்க்கிறவன். நமக்கு உணவாகும் வெங்காயமே நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கிறது. அப்படியிருக்க, நமக்குச் சொன்ன கஷாயத்தை அதற்கு எந்த தைரியத்தில் ஊற்றுவது?

மணி இருந்த வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். ரோஜாத் தொட்டிகள் அப்படியே இருந்தன. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, காபி கொடுத்து உபசரித்தார். இப்போதெல்லாம் யாருக்கு ஒரு செடியைச் சொன்னாலும், "வீட்டில் குழந்தை இருக்கா? நாய் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.