அப்பா இறந்துட்டா ஆட்டிசம் போயிடுமா? 18 வயசானா சரியாகிடுமா?

தோழர்களே, ஐந்து நிமிஷம் ஒதுக்கி முழுசாப் படிங்க. நம்ம தெருவிலேயே இப்படி ஒரு வீடு இருக்கலாம்.

நம்ம கட்சி அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தாங்க. கையில் மஞ்சள் துணிப்பை, பை நிறைய ஜெராக்ஸ். கூடவே மகன். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள பையன், பேச்சு வராது. ஃபேன் சத்தம் தாங்காம காதைப் பொத்திக்கிட்டு வாசலிலேயே நின்னுட்டான். ஃபேனை நிறுத்தின பிறகுதான் உள்ளே வந்தான். அதுக்கப்புறம்தான் பேசவே முடிஞ்சது.

கணவர் லாரி ஓட்டுநர். இறந்து ஒன்பது மாசம் ஆகுது. வாடகை கொடுக்க வழியில்லாம, பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற தாய் வீட்டுக்கு வந்துட்டாங்க. பையனுக்கு மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வந்துக்கிட்டிருந்தது. வங்கிக் கணக்கு பையன் பேரில், பாதுகாவலர் இடத்தில் அப்பா பேர். அப்பா போனதும் பணம் எடுக்க முடியல. பேர் மாத்த அலைஞ்சுக்கிட்டிருக்கும்போதே பையனுக்கு 18 வயசு முடிஞ்சிடுச்சு.

அதுக்கப்புறம் அந்த அம்மா கேட்ட பதில்களைப் பாருங்க.

வங்கியில்: "பையன் மேஜர் ஆகிட்டாரு. அவரே வந்து கையெழுத்துப் போடணும். முடியாதுன்னா பாதுகாவலர் சான்று கொண்டு வாங்க."

சான்று கேட்டுப் போன இடத்தில்: "ஆதார்ல பழைய மாவட்டத்து முகவரி இருக்கே. அங்கே போய்க் கேளுங்க."

பழைய மாவட்டத்தில்: "நீங்கதான் இப்போ இங்கே குடியில்லையேம்மா?"

முகவரி மாத்தப் போன இடத்தில்: "வீட்டு ரசீது உங்க பேரில் இல்லை. பையன் கைரேகையும் பதியல. கொஞ்சம் அசையாம உட்கார வைங்க."

அசையாம உட்கார வைங்களாம்! அது முடிஞ்சா அந்த அம்மா ஏன் இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையணும்?

இதுக்கு நடுவில் வாழ்நாள் சான்று கொடுக்கிற தேதி தாண்டிப் போச்சு. கணக்குக்கு வந்துக்கிட்டிருந்த பணமும் நின்னு போச்சு.

ஒண்ணு கேட்கிறோம். இந்த ஒன்பது மாசத்தில் அந்த வீட்டில் என்ன மாறிச்சு? சம்பாதிச்சவர் போயிட்டார். வீடு போச்சு. வேலைக்குப் போகலாம்னா பையனைப் பார்த்துக்க ஆள் இல்லை. அதாவது, தேவை மூணு மடங்கு ஆகியிருக்கு. சரியா அந்த நேரம் பார்த்து உதவி நிக்குது. வீடு தீப்பிடிச்சு எரியும்போது குழாயை மூடுறதுக்குப் பேர் நிர்வாகமா?

"சட்டம் அப்படித்தான் இருக்கு, நாங்க என்ன பண்ண?" என்று சொல்வார்கள். சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதை ஏற்றது. பெற்றோர்கள் பல வருஷம் கதவைத் தட்டித் தட்டி வாங்கிய உரிமை இது. யாரும் போட்ட பிச்சை கிடையாது.

அதே 2016 சட்டத்தின் 58-ஆவது பிரிவு, ஊனச் சான்று நாடு முழுவதும் செல்லும் என்கிறது. நாடு முழுக்கச் செல்லுற சான்று, பக்கத்து மாவட்டத்து மேசையில் மட்டும் ஏன் செல்லாக்காசு ஆகுது?

18 வயசு தாண்டியவருக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்க 1999 சட்டத்தில் வழி இருக்கு. நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவே சான்று தரலாம். அந்தச் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே சுற்றறிக்கை அனுப்பிடுச்சு. ஆக, சட்டத்தில் வழி இருக்கு. அந்த வழியைக் காட்டத்தான் கவுன்ட்டரில் ஆள் இல்லை!

ஒன்றிய அரசின் பங்கையும் பேசணும். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டத்தில் டெல்லி தருவது மாசம் 300 ரூபாய். 2012-இல் வைத்த தொகை. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் பத்து ரூபாய். டீக்கடையில் ஒரு டீ வராது! அதையும் வாங்க வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கணும், 80 சதவீதப் பாதிப்பு இருக்கணும், 18 வயசு முடிஞ்சிருக்கணும். ஆட்டிசத்துக்குப் பயிற்சி கொடுத்தால் அதிகம் பலன் கிடைக்கிற சின்ன வயசில் இந்தத் திட்டத்தில் ஒரு பைசா கிடையாது.

"கெடுபிடி இல்லேன்னா போலிகள் நுழைஞ்சிடுவாங்க" என்று ஒரு வாதம் வரும். நியாயமான கேள்விதான். போலியைத் தடுக்க வேண்டிய இடம் மருத்துவக் குழுவோட பரிசோதனை. அங்கே கறாரா இருங்க, நாங்க குறுக்கே நிக்க மாட்டோம். ஆனா ஒரு தடவை பரிசோதிச்சு, சான்று கொடுத்து, அட்டையும் கொடுத்த பிறகு, அப்பா செத்ததுக்கும் வீடு மாறினதுக்கும் அந்தக் குழந்தையைத் திரும்பவும் சந்தேகக் கூண்டில் ஏத்துறது எந்த ஊர் நியாயம்? இறப்புப் பதிவும் அரசிடம்தான் இருக்கு, ரேஷன் அட்டையும் அரசிடம்தான் இருக்கு, ஆதாரும் அரசிடம்தான் இருக்கு. பணத்தை நிறுத்தணும்னா அத்தனை கணினியும் ஒண்ணோடொண்ணு பேசுது. பணத்தைத் தொடரணும்னா மட்டும் ஒரு அம்மா ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு மூணு பஸ் மாறணுமா?

நாம் கேட்பது இவ்வளவுதான்:

1. காரணத்தை எழுத்தில் சொல்லி, பதில் தர அவகாசம் கொடுக்காமல் எந்தக் குழந்தையின் உதவித்தொகையையும் நிறுத்தக் கூடாது.

2. மாவட்டம் மாறினால், அடையாள அட்டை எண்ணை வைத்தே கோப்பு மாறணும். புதிய மாவட்டம் பணம் போடும் வரை பழைய மாவட்டம் போட்டுக்கிட்டே இருக்கணும்.

3. 18 முடிவதற்கு ஆறு மாசம் முன்னாடியே அலுவலகம் கடிதம் அனுப்பணும். பாதுகாவலர் சான்றுக்கு வட்டம்தோறும் முகாம் போடணும்.

4. கைரேகை, கண் பதிவு முடியாத பிள்ளைகளுக்கு வீடு தேடி வந்து மாற்று வழியில் சரிபார்க்கணும்.

5. ஒன்றிய அரசு 300 ரூபாயை உயர்த்தணும். 18 வயசு வரம்பை எடுக்கணும்.

தோழர்களுக்கு ஒரு வேலை. கிளை வாரியாக இப்படிப்பட்ட வீடுகளைக் கண்டுபிடிங்க. சான்று தற்காலிகமா நிரந்தரமா, எந்தத் தேதி வரை செல்லும்னு பாருங்க. 5 வயசிலும் 15 வயசிலும் ஆதார் கைரேகையைப் புதுப்பிச்சாங்களான்னு கேளுங்க. பிள்ளைக்கு 17 வயசுன்னா பாதுகாவலர் சான்றுக்கு வேண்டிய ஆவணங்களை இப்போவே சேர்த்து வைக்கச் சொல்லுங்க. எந்த மாற்றம் நடந்தாலும் எழுத்தில் மனு கொடுத்து, கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கித் தாங்க. "வாய்ல சொல்லிட்டேனே" என்பதை எந்தக் கோப்பும் ஏத்துக்காது. ஊனச் சான்று தர மறுத்தா, அல்லது சதவீதம் குறைச்சுப் போட்டா, 59-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

அந்த அம்மாவோட மனுவை எழுதி, ரெண்டு தோழர்கள் கூடப் போய் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கோம். பணம் இன்னும் வரல. வர்ற வரைக்கும் விட மாட்டோம்.

கிளம்பும்போது அந்த அம்மா சொன்னது: "நான் இருக்கும்போதே இவ்வளவு அலைச்சல்னா, நான் போன பிறகு இவனுக்காக யாருங்க அலைவா?"

இந்தக் கேள்வி நமக்கில்லை. கோட்டைக்கும் டெல்லிக்கும். பதில் வரும் வரை கேட்டுக்கிட்டே இருப்போம். பகிருங்க தோழர்களே!

#நிறுத்தாதே_உதவித்தொகையை
#ஆட்டிசம்_உரிமைக்குரல்