எட்டாயிரம் ஓட்டை... ஒரே ராத்திரி!

புராஜெக்ட் ரிவ்யூ நெருங்குதா? கம்ப்யூட்டர் லேப்ல சிஸ்டம் ஹேங் ஆகி, மானிட்டரையே முறைச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்களா? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான்!

நான் ஃபைனல் இயர் மெக்கானிக்கல் படிச்சப்போ எங்க டீம் எடுத்த புராஜெக்ட், ஏற்காடு காபிக்கு ஒரு சல்லடை. சேர்வராயன் மலையில 1820-கள்லயே காபிச் செடி வெச்சுட்டாங்க. இன்னிக்கும் சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏறியிருக்க, அதோட நிழல்ல அராபிகா வளருது. பழத்தைப் பறிச்சு, தோலுரிச்சு, காயவெச்சு, கடைசியில கொட்டையை சைஸ் வாரியா பிரிக்கணும். பெரிய கொட்டைக்குத்தான் நல்ல விலை. சின்ன விவசாயிங்க தாங்களே பிரிச்சுக்கிற மாதிரி ஒரு குட்டி மெஷின்... இதுதான் எங்க ஐடியா.

சல்லடைக்கு நம்பர் உண்டு. 16-ம் நம்பர்னா துளையோட விட்டம் 16/64 இன்ச், அதாவது 6.35 மி.மீ. நாங்க எடுத்தது 1 மீட்டருக்கு 0.6 மீட்டர் தகடு. துளைக்குத் துளை 9 மி.மீ. இடைவெளி. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரை இடைவெளி தள்ளி, தேன்கூடு மாதிரி. கணக்குப் போட்டா சுமார் 8,500 துளை!

அத்தனையும் 'கேட்' மாடல்ல வந்தே ஆகணும்னு நான் ஒத்தைக்கால்ல நின்னேன். ராத்திரி 10 மணிக்கு பேட்டர்ன் கட்டளை கொடுத்தேன். விடிஞ்சப்பவும் ஓடிட்டே இருந்துச்சு. ரிவ்யூ டேபிள்ல ஃபைல் திறக்கவே இல்ல. வெறும் திரையைக் காட்டிக்கிட்டு நாலு பேரும் நின்னோம். டீம்ல மூணு பேரோட மார்க்கும் என் பிடிவாதத்தால போச்சு. அது இன்னிக்கும் உறுத்துது.

அப்புறம் தகடு செய்ய சேலத்துல ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பெரியவர் எங்க படத்தை வாங்கிக்கவே இல்ல. ''தம்பி, துளை எவ்ளோ? பிட்ச் எவ்ளோ? ஷீட் சைஸ் என்ன?'' அவ்ளோதான் கேட்டார். சொன்னோம். ''நேர் வரிசையா, மாத்து வரிசையா? பிசிறு எந்தப் பக்கம் வரணும்?'' முழிச்சோம்! பஞ்ச் அடிச்சா தகட்டோட ஒரு பக்கம் பிசிறு நிக்கும். அது மேல வந்தா கொட்டையைக் கீறிடும். எட்டாயிரம் துளை வரையத் துடிச்ச எனக்கு இந்த ஒரு விஷயம் தோணவே இல்ல.

ஏன் ஹேங் ஆச்சு? சாஃப்ட்வேர் ஒவ்வொரு துளைக்கும் தனியா கணக்குப் போடுது. எந்தப் பரப்பை வெட்டுது, எங்க முடியுது, பக்கத்துத் துளையோட மோதுதான்னு பார்க்குது. ஒரு துளைக்கு ஒரு உருளைப் பரப்பு, ரெண்டு விளிம்புன்னு வெச்சாலே 17,000 விளிம்பு! அதையெல்லாம் திரையில வேற காட்டணும். மேல ஏதாவது ஒரு அளவை மாத்தினா, எல்லாம் மறுபடி முதல்லேர்ந்து. பாவம், அது என்ன பண்ணும்?

சரி, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை நீங்க படிச்சே தெரிஞ்சுக்குங்க!

1. எது திரும்ப வருதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. சேலத்துத் தறியில ஜக்கார்டு அட்டை பார்த்திருக்கீங்களா? புடவை முழுசுக்கும் அட்டை அடிக்க மாட்டாங்க. திரும்பத் திரும்ப வர்ற ஒரு டிசைனுக்கு மட்டும்தான். எங்க சல்லடையில அந்த ஒரு டிசைன் வெறும் ரெண்டு துளை. அகலம் 9 மி.மீ., உயரம் 15.59 மி.மீ. அந்த ரெண்டையும் சேர்த்து ரெண்டு திசையில பேட்டர்ன் போட்டா முழுத் தகடும் வந்துடும்.

2. ஸ்கெட்ச்சுக்குள்ள ஆயிரம் வட்டம் போடாதீங்க. ஒரு துளையை வெட்டிட்டு, அந்த ஃபீச்சரை பேட்டர்ன் பண்ணுங்க. ஸ்கெட்ச்ல ஒவ்வொரு வட்டத்தோட உறவையும் தீர்க்கறதுக்குள்ள சிஸ்டம் திணறிடும். துளை விளிம்புல ஃபில்லெட், சாம்ஃபர் எல்லாம் அவசியமானா மட்டும்.

3. ஆப்ஷனைப் பாருங்க. புரோ-இ, அதாவது இன்னிக்கு க்ரியோ, பேட்டர்ன்ல 'ஐடென்டிகல்'னு ஒண்ணு வெச்சிருக்கு. எல்லாம் ஒரே அளவு, ஒரே பரப்பு, ஒண்ணோட ஒண்ணு தொடலைன்னா அதுதான் வேகம். ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவும் 20 விதம். அதுக்கு இது செல்லாது. சல்லடைக்குச் செல்லும். இன்வென்டர்ல 'ஆப்டிமைஸ்டு', சாலிட்வொர்க்ஸ்ல 'ஜியாமெட்ரி பேட்டர்ன்' இருக்கு. சாலிட்வொர்க்ஸ்ல 'பெர்ஃபார்மன்ஸ் எவாலுவேஷன்' போய்ப் பார்த்தா எந்த ஃபீச்சர் எவ்ளோ நேரம் தின்னுதுன்னு தெரியும். போட்டும் போடாமலும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

4. பேட்டர்னை ஃபீச்சர் ட்ரீயோட கடைசியில வைங்க. அது இல்லாத ஒரு எளிய கான்ஃபிகரேஷனும் சேர்த்து வைங்க. அசெம்பிளிக்கு அந்த எளிய மாடலே போதும். போல்ட் எங்க வருதுன்னு பார்க்க எதுக்குங்க 8,500 துளை?

5. எண்ணிக்கையைக் கையால அடிக்காதீங்க. அகலத்தை இடைவெளியால வகுக்கற மாதிரி சமன்பாடு கொடுங்க. நாளைக்கே 17-ம் நம்பர் வேணும், இடைவெளியும் கூடணும்னா, ரெண்டு அளவை மாத்தினா போதும்.

முக்கியமான கேள்வி: எல்லாத் துளையும் இல்லாம எடை எப்படித் தெரியும்? பேப்பர் எடுங்க. மாத்து வரிசைத் தகட்டுல திறந்த பரப்பு சதவீதம் = 90.69 பெருக்கல் துளை விட்டத்தின் வர்க்கம், வகுத்தல் இடைவெளியின் வர்க்கம். எங்களுக்கு சுமார் 45 சதவீதம் வந்துச்சு. 2 மி.மீ. இரும்புத் தகடு துளையில்லாம 9.42 கிலோ, துளையோட 5.2 கிலோ பக்கம். ரெண்டு நிமிஷ வேலை!

தாங்குமா, வளையுமான்னு பார்க்கறதுக்கும் வழி இருக்கு. ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல நூத்துக்கணக்கான துளை போட்ட டியூப்ஷீட்டை, துளையில்லாத ஆனா கொஞ்சம் இளகின தகடா பாவிச்சு, அதுக்கேத்த மீள்தன்மை எண் கொடுத்துத்தான் கணக்குப் போடறாங்க. ஏ.எஸ்.எம்.இ. விதிமுறையிலயே இந்த முறை இருக்கு. அப்படியும் துளை ஓரத்துல என்ன நடக்குதுன்னு பார்க்கணுமா? 50 மி.மீ. சதுரத் துண்டு ஒண்ணை மட்டும் முழுசா வரைங்க. போதும்.

மாடல்ங்கறது நிஜத்தோட போட்டோ இல்ல ஃப்ரெண்ட்ஸ். ஒரு கேள்விக்குப் பதில். 'இந்த மாடலை வெச்சு நான் என்ன தெரிஞ்சுக்கப் போறேன்?'னு கேட்டுட்டு மவுஸைத் தொடுங்க. நான் அதைக் கேட்டிருந்தா அந்த ராத்திரி நிம்மதியா தூங்கியிருப்பேன். பிசிறு எந்தப் பக்கம்னு யோசிக்கவும் நேரம் கிடைச்சிருக்கும்.

இந்த வார ஹோம்வொர்க்: வீட்டுல இருக்கிற காபி ஃபில்டரை எடுங்க. மேல் டப்பாவோட அடித்தட்டுத் துளைகளைப் பாருங்க. அதுல எந்தத் துண்டு திரும்பத் திரும்ப வருது? கண்டுபிடிச்சுட்டு ஒரு டம்ளர் காபி போட்டுக் குடிங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!